தாய்மாமன் ஆறு முறை மொய் எழுதிய சிக்கல்: ஓர் ஆய்வு

மதுரை, தேனி, புதுக்கோட்டைப் பக்கத்துக் கல்யாண மண்டபங்களில் மொய் எழுதும் மேசையைக் கவனித்தவர்களுக்குத் தெரியும்: நோட்டும் பேனாவும் இருந்த இடத்தில் இப்போது லேப்டாப்பும், ரசீது துப்பும் குட்டி பிரிண்டரும் வந்து உட்கார்ந்துவிட்டன. எனவே மொய்யை ஆராய்வோர் இனி டேட்டாபேஸையும் ஆராய்ந்தே தீர வேண்டும் என்பது இக்கட்டுரையாளரின் பணிவான துணிபு. இப்புதிய துறைக்கு மொய்யியல் என்று தற்காலிகமாகப் பெயரிடுவோம். பல்கலைக்கழகங்கள் இருக்கை ஏற்படுத்தும்போது மாற்றிக்கொள்ளலாம்.

ஆய்வுக்களம் ஒரு கற்பனைக் கல்யாணம். நிஜக் கல்யாணத்தை எடுத்தால் முடிவுரை பங்காளிச் சண்டையில் போய் நிற்கும். கல்யாண வீட்டாரிடம் மூன்று டேபிள்கள் உள்ளன. முதலாவது அழைப்பு: பத்திரிகை வைத்த 400 குடும்பங்கள், குடும்பத்துக்கு ஓர் எண். இரண்டாவது மொய்: 350 வரிகள், வரிக்கு ஓர் எண், எந்தக் குடும்பம் எவ்வளவு எழுதியது என்று. மூன்றாவது பந்தி: எந்தக் குடும்பத்துக்கு எந்த வேளையில் இலை போட்டது என்ற விவரம், இலைக்கு ஓர் எண். மானமுள்ள எந்தக் குடும்பமும் மூன்றாவது டேபிளை வைத்திருக்காது என்ற ஆட்சேபம் நியாயமானதே. மாப்பிள்ளையின் தம்பி சாப்ட்வேர் வேலையில் இருக்கிறான் என்று கொள்க.

முதல் கேள்வி எளியது. ஒவ்வொரு குடும்பமும் எத்தனை மொய் எழுதியது? தம்பி அழைப்பையும் மொய்யையும், டேபிள்களை இணைக்கும் சாதாரண ஜாயினால் கோத்து, குடும்பவாரியாகப் பிரிக்கும் குரூப் பை போட்டு எண்ணுகிறான். 340 குடும்பங்கள் வருகின்றன. மற்ற 60 குடும்பங்கள் மொய் எழுதவில்லை, ஆகவே விடையில் இல்லை. மொய் எழுதாதவரை அழைக்கவே இல்லை என்று கணினி சொல்லிவிட்டது. பெரியவர்கள் சிலருக்கு இதில் உடன்பாடு உண்டு என்றாலும், ஆய்வு நெறி இடம் கொடுக்காது.

இங்கே லெஃப்ட் ஜாயின் வருகிறது. இடப்பக்க டேபிளில் உள்ள எவரையும் விடமாட்டேன், வலப்பக்கத்தில் ஜோடி கிடைக்காவிட்டால் அந்தக் கட்டங்களில் மதிப்பில்லை என்று பொருள்படும் நல் (NULL) போட்டு அனுப்புவேன் என்பது அதன் கொள்கை. இப்போது 400 குடும்பங்களும் வந்துவிட்டன. ஆனால் மொய் எழுதாத 60 குடும்பங்களுக்கும் தலா ஒரு மொய் என்று வருகிறது! காரணம், தம்பி எழுதியது கவுண்ட் அடைப்புக்குறிக்குள் நட்சத்திரம். நட்சத்திரம் வரிகளை எண்ணும். வரிக்குள் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்காது. மொய் வராத குடும்பத்துக்கும் ஒரு வரி இருக்கிறதல்லவா? அதை எண்ணிவிட்டது. நட்சத்திரத்தை எடுத்துவிட்டு மொய் டேபிளின் எண்ணை அடைப்புக்குறிக்குள் வைத்தால், நல் ஆக உள்ளவை விடுபட்டு, 60 குடும்பங்களுக்கும் முறைப்படி பூஜ்யம் விழும். கூட்டுத்தொகை 349. நோட்டில் இருப்பதோ 350. அந்த ஒன்று பின்னர் ஆராயப்படும்.

இவ்விடத்தில் ஒரு கிளைச் சிக்கல். ஆயிரத்துக்கு மேல் எழுதிய மொய் மட்டும் போதும் என்று தம்பி வேர் (WHERE) என்ற பகுதியில் ஒரு நிபந்தனை சேர்த்தால், 60 குடும்பங்களும் மறுபடி காணாமல் போகும். நல் ஆயிரத்தைவிடப் பெரிதா என்று கேட்டால் ஆம் என்றும் வராது, இல்லை என்றும் வராது. தெரியாது என்றே வரும். வேர் பகுதியோ ஆம் என்றவரை மட்டுமே உள்ளே விடும். நிபந்தனையை ஜாயினோடு ஒட்டிய ஆன் (ON) பகுதிக்கு நகர்த்தினால் தீர்ந்தது. லெஃப்ட் என்று எழுதிவிட்டு அதன் பலனை வேர் பகுதியில் தொலைக்கும் இப்பழக்கம் அனுபவசாலிகளிடமும் பரவலாக உண்டு.

இனி ஆய்வின் மையப்பொருளுக்கு வருவோம். மணப்பெண்ணின் தாய்மாமன் இரண்டு மொய் எழுதினார்: தன் பெயரில் 5,001, மகன் பெயரில் 5,001. இரண்டும் அவர் குடும்ப எண்ணிலேயே ஏறின. காலை, மதியம், இரவு என்று மூன்று வேளையும் அவருக்கு இலை போட்டார்கள். மொய்யையும் பந்தியையும் ஒரே க்வெரியில் அழைப்போடு கோத்தபோது வந்த விடை: மொய் 6, இலை 6, தொகை 30,006. பெட்டியைத் திறந்து எண்ணினால் இருப்பது 10,002. மீதி 20,004 எங்கே என்று மாப்பிள்ளையின் அப்பா கேட்க, பணப்பெட்டிக்குக் காவல் இருந்த பெண் வீட்டுச் சித்தப்பாவின் மேல் எல்லார் பார்வையும் திரும்பியது. “நான் பெட்டிய விட்டு எந்திரிக்கவே இல்ல மாமா” என்று அவர் சொன்னது முழு உண்மை.

மொய்யியலின் மூலக் கோட்பாடு இங்குதான் பிறக்கிறது. ஜாயின் ஆட்களை எண்ணுவதில்லை, ஜோடிகளை எண்ணுகிறது. முதல் மொய்க்கு மூன்று இலை, இரண்டாவது மொய்க்கு அதே மூன்று இலை, ஆக ஆறு ஜோடி. மொய்க்கும் பந்திக்கும் ஒன்றோடொன்று ஒரு சம்பந்தமும் கிடையாது. இரண்டுக்கும் தாய்மாமன் வழி உறவு, அவ்வளவே. சம்பந்தமில்லாத இரண்டு பட்டியல்களை ஒரே குடும்ப எண்ணால் கட்டிப்போட்டால் அவை பெருகத்தான் செய்யும். இலை கூடக்கூட மொய் ஏறும். நான்காவது வேளையும் அவர் சாப்பிட்டிருந்தால் வசூல் 40,008.

இந்நோய்க்கு மக்கள் உடனே கையில் எடுப்பது, ஒரே மதிப்பை ஒருமுறை மட்டும் எடுத்துக்கொள்ளும் டிஸ்டிங்ட். இதை நம்புவோர் தனி ஒரு மதப்பிரிவினர் எனலாம். எங்கே எண் பெருத்தாலும் அங்கே ஒரு டிஸ்டிங்ட் சாத்துவார்கள். எண்ணிக்கையைப் பொறுத்தவரை அது பலிக்கும்: மொய் எண்களில் டிஸ்டிங்ட் போட்டால் 2, இலை எண்களில் போட்டால் 3, இரண்டும் சரி. இந்த வெற்றியில் மயங்கித் தொகைக்கும் அதையே போட்டால் வருவது 5,001. இரண்டு மொய்யும் ஒரே தொகை அல்லவா? ஒன்று போதும் என்று கணினி விட்டுவிட்டது. முப்பதாயிரம் எழுதியவராகக் கொண்டாடப்பட்ட தாய்மாமன் ஒரே நிமிடத்தில் மகன் மொய்யை விழுங்கியவர் ஆகிறார். டிஸ்டிங்ட் பிழையைத் தீர்ப்பதில்லை, மறைக்கிறது என்பதே எமது தீர்ப்பு. சரியான வழி, மொய்யைத் தனியாகக் குடும்பவாரியாகக் கூட்டி ஒரு வரியாக்கி, பந்தியையும் அவ்வாறே ஆக்கி, அதன் பின்னரே அழைப்போடு கோப்பது.

வரலாறு இல்லாமல் ஆய்வு முழுமையாகாது. டேபிள்களின் இந்த உலகத்துக்கு அடித்தளமிட்டவர் எட்கர் காட். ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வகத்தில் இருந்த இந்த ஆங்கிலேயர் 1970-இல் வெளியிட்ட ஒரு கட்டுரைதான் ஆரம்பம். 1981-இல் கணினியியலின் டூரிங் விருது பெற்றார். நம் கோலி சோடா புட்டியை 1872-இல் காப்புரிமை செய்த ஹைரம் காட் வேறு ஆள். அவரும் ஆங்கிலேயர்தான். குடும்ப எண்ணுக்குப் பதில் பெயரை வைத்து ஜாயின் செய்பவர்கள் கையில் சிக்கினால் கோலி சோடாவுக்கு டூரிங் விருது போய்ச் சேரும். நம் ஊரில் கே. முருகேசன், முருகேசன் கே., பின்னால் ஓர் இடைவெளியோடு நிற்கும் முருகேசன் ஆகியோருக்கு என்ன ஆகும் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்க.

காட் வகுத்த கணித மாதிரியில் ஒரே வரி இருமுறை வர இடமே இல்லை. பின்னர் 1974-இல் அதே ஆய்வகத்தின் டொனால்ட் சேம்பர்லின், ரேமண்ட் பாய்ஸ் இருவரும் டேபிள்களிடம் கேள்வி கேட்க வடிவமைத்த எஸ்க்யூஎல் மொழி, இரட்டை வரிகளை அனுமதித்தது. காட் இதை வெளிப்படையாகவே குறை சொன்னார். ஜாயின் என்று வெளிப்படையாக எழுதும் முறை அம்மொழியின் 1992-ஆம் ஆண்டுத் தரநிலையில்தான் வந்தது. அதற்கு முன் டேபிள் பெயர்களைக் காற்புள்ளியால் அடுக்கி, இணைக்கும் நிபந்தனையை வேர் பகுதியில் எழுதுவார்கள். எழுத மறந்தால் 400 அழைப்பும் 350 மொய்யும் பெருகி 1,40,000 வரிகள்.

காணாமல் போன அந்த ஒரு மொய்க்கு வருவோம். அது பெயர் எழுதாத ஒரு கவர். யாருடையது என்று தெரியாததால் குடும்ப எண் இருக்கவேண்டிய கட்டத்தில் நல். மொய் எழுதாதவர் யார் யார் என்று அறிய, மொய்ப் பட்டியலில் இல்லாத எண்களைக் கேட்கும் நாட் இன்னைத் தம்பி போட்டுப் பார்த்தான். விடை: ஒருவருமில்லை. அறுபது குடும்பங்களும் ஒரு கவரால் குற்றமற்றவை ஆகின. இது கோளாறு போலத் தோன்றினாலும், யோசித்தால் கணினியின் வாதம் அசைக்க முடியாதது. இந்த அறுபதில் எவரும் அந்தக் கவரை வைத்திருக்கலாமே? வைக்கவில்லை என்று யாரைப் பார்த்து உறுதியாகச் சொல்வது? நாட் எக்ஸிஸ்ட்ஸ் என்று மாற்றிக் கேட்டால் 60 பேரும் வெளியே வருவார்கள். அதில் ஒருவர் நிரபராதியாக இருக்கலாம்.

வராத மொய்யும் தெரியாத பெயரும் ஒரே நல் ஆகக் காட்சியளிப்பது சரியா என்று அறிஞர்களே மோதியிருக்கிறார்கள். தெரியாதது, பொருந்தாதது என்று நல்லை இரண்டாகப் பிரிக்கவேண்டும் என்று காட் 1990-இல் எழுதிய நூலில் வாதிட்டார். நல்லே கூடாது என்பது அவரோடு பணியாற்றிய கிறிஸ் டேட்டின் கட்சி. பெயரில்லாத கவரை வாங்கவே கூடாது என்று கல்யாண வீட்டில் யாரும் சொல்லமாட்டார்கள் என்பதால் டேட்டின் கருத்தை நாம் ஏற்பதற்கில்லை.

நடைமுறைக்குப் பயன்படுவது சுருக்கமானது. க்வெரியை மொத்தமாக முறைத்துப் பார்த்துப் பயனில்லை. ஜாயின்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து, சேர்க்கும்போதெல்லாம் வரிகளை எண்ணவேண்டும். எந்த ஜாயினில் எண் எகிறுகிறதோ அல்லது சரிகிறதோ அங்கேதான் நோய். அதன்பின் தமக்கு நன்றாகத் தெரிந்த ஒரே ஒரு குடும்பத்தை எடுத்து, கூட்டாமல் குறைக்காமல் அதன் வரிகளை அப்படியே விரித்துப் பார்க்கவேண்டும். தாய்மாமன் குடும்பம் இதற்கு உகந்தது.

எண்ணுவது எளிய காரியம் என்று இன்னமும் கருதும் வாசகருக்கு ஒரு தகவல். ஒரு டேட்டாபேஸ் உண்மையிலேயே தமது மாதிரியைப் பின்பற்றுகிறதா என்று சோதிக்க, காட் 1985 அக்டோபரில் கம்ப்யூட்டர்வேர்ல்டு இதழில் சில விதிகளை வெளியிட்டார். அவை 0 முதல் 12 வரை எண்ணிடப்பட்டவை. உலகம் இன்றுவரை அவற்றைக் காட்டின் பன்னிரண்டு விதிகள் என்றே அழைக்கிறது.