வாயாடிப் பிள்ளை வகுப்பில் ஏன் ஊமை?

கேள்வி: வீட்டில் வாய் ஓயாத பிள்ளை, வகுப்பில் வாயே திறப்பதில்லையே! மொழி வரவில்லையா? – ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: மொழி நன்றாகவே வரும்; பள்ளிக்கூடம் கேட்கிற விதம்தான் பிள்ளைக்குப் புதிது. அமெரிக்க மானுடவியலாளர் ஷெர்லி பிரைஸ் ஹீத், கரோலைனாவின் பஞ்சாலைத் தொழிலாளர் குடியிருப்புகளில் பல ஆண்டுகள் பழகி, 1983இல் 'வேஸ் வித் வேர்ட்ஸ்' நூலை வெளியிட்டார். டிராக்டன் என்று அவர் பெயரிட்ட கறுப்பினத்தவர் குடியிருப்பில், தங்களுக்கே விடை தெரிந்த கேள்வியைப் பெரியவர்கள் குழந்தையிடம் கேட்பது அபூர்வம். 'அது எது மாதிரி இருக்கு?' என்பார்கள். கதை கட்டி நாலு பேரை நிறுத்திவைக்கும் பிள்ளைக்குத்தான் அங்கே மவுசு. அதனிடம் படத்தைக் காட்டி 'இது என்ன நிறம்?' என்றால், கண் நன்றாகத் தெரிகிற டீச்சர் நம்மை ஏன் கேட்கிறார் என்று திகைக்காதா? வீட்டில் புத்தகம் இருந்தால் தீர்ந்தது என்பீர்கள்; அப்படியும் இல்லை. ரோடுவில் என்ற வெள்ளையர் குடியிருப்பில் தூங்கும்முன் கதை வாசித்துக் காட்டினார்கள்; அந்தப் பிள்ளைகள் ஆரம்பத்தில் ஜொலித்தார்கள், சொந்தமாக யோசிக்கவேண்டிய நாலாம் வகுப்பு வாக்கில் பின்தங்கினார்கள்.

அதற்காகப் பள்ளி கேட்டுப் பேசுகிற விதமே வேண்டாமா? கட்டாயம் வேண்டும், தேர்வும் வேலையும் அதில்தான். ஹீத்தோடு சேர்ந்த ஆசிரியர்கள் முதலில் பிள்ளைகளுக்குப் பழகிய விதத்தில் கேட்டார்கள், பிறகு பள்ளிக் கேள்விகளைப் பழக்கினார்கள். பிள்ளைகள் பேசினார்கள். உங்கள் பிள்ளை வீட்டில் எதைப்பற்றி ஓயாமல் பேசுகிறது என்பதை நாளைக்கே அதன் ஆசிரியரிடம் சொல்லுங்கள்.