அசெட் டேக்: கட்டளைவரி வழி ஓர் ஆய்வு

நிறுவனத்துக் கணினி ஒவ்வொன்றுக்கும் எண்கள் இரண்டு: உற்பத்தியாளர் தொழிற்சாலையிலேயே இட்டு அனுப்பும் வரிசை எண் ஒன்று, வாங்கிய நிறுவனம் தன் சொத்துப் பதிவேட்டுக்கேற்ப இட்டுக்கொள்ளும் அசெட் டேக் மற்றொன்று. பின்னது பெரும்பாலும் மடிக்கணினியின் அடிப்புறத்தில் ஸ்டிக்கராக ஒட்டப்படுவதாலும், அவ்விடம் சூட்டுக்கும் வியர்வைக்கும், கூட்டங்களில் சலிப்புற்ற விரல்நகங்களுக்கும் ஆட்படுவதாலும், தணிக்கையாளர் வந்து சேரும்முன் எண் மறைந்து பசை மட்டும் எஞ்சுகிறது. ஆகவே, இயங்குதளத்தை அழித்து மீண்டும் நிறுவினாலும் அழியாதபடி, கணினி விழிக்கும்போது முதலில் எழும் அடிப்படை மென்பொருளாகிய பயாஸின் பொறுப்பில் அவ்வெண்ணை எழுதிவைக்கும் வழக்கம் தோன்றிற்று.

டிஎம்டிஎஃப் என்னும் தொழில்துறை அமைப்பு பேணிவரும் எஸ்எம்பயாஸ் தரநிலை, கணினி தன்னைப் பற்றித் தானே கூறும் செய்திகளை வகைப்படுத்துகிறது. அதன் 3ஆம் வகை, கணினியின் பெட்டியைப் பற்றியது. அசெட் டேக்கின் இருப்பிடம் அதுவே. தாய்ப்பலகைக்கும் செயலிக்கும் ரேமுக்கும்கூடத் தனித்தனி அசெட் டேக் இடங்கள் ஒதுக்கப்பட்டிருப்பது தரநிலையாளரின் நல்லெண்ணத்தைக் காட்டுமேயன்றி, அவற்றை எவரேனும் நிரப்புவர் என்பதற்குச் சான்றாகாது.

லினக்ஸில் இவற்றைப் படிக்க டிமிடிகோட் என்னும் கட்டளை போதும். ஆனால் இவற்றைக் கோப்புகளாகவும் தரும் லினக்ஸ் கரு, வரிசை எண் உள்ள கோப்பை நிர்வாகியாகிய ரூட் பயனருக்கு மட்டும் காட்டி, அசெட் டேக் உள்ள கோப்பை எவரும் படிக்கத் திறந்து வைத்திருப்பதை நோக்க, இவ்விரண்டில் எது மதிப்புடையதெனக் கருதப்படுகிறது என்பது விளங்கும். எழுதுவதோ வேறு கதை: டெல்லுக்குச் சிசிடிகே, லெனோவோவுக்கு வின்ஏஐஏ, எச்பிக்குப் பயாஸ் கான்ஃபிகரேஷன் யுடிலிட்டி என ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு கருவி. பயாஸுக்குக் கடவுச்சொல் இட்டிருந்தால் கருவி அதையும் கேட்கும். அது சென்ற ஆண்டே வேலையை விட்டுப் போனவருக்கு மட்டும் தெரிந்திருப்பது மரபு.

கட்டளையை ஓட்டிப் பார்ப்பவர்க்குக் கிட்டும் பாடங்களுள் மிகப் பரவலானவற்றுள் ஒன்று ‘டூ பி ஃபில்ட் பை ஓ.இ.எம்.’ என்பது. உற்பத்தியாளர் இதை நிரப்புக என்று பயாஸை எழுதியவர் விட்டுச்சென்ற இக்குறிப்பை, உற்பத்தியாளர் படிக்காமலே வாங்கியவர் கையில் சேர்த்துவிடுகிறார். ‘டிஃபால்ட் ஸ்ட்ரிங்’, ‘நோ அசெட் இன்ஃபர்மேஷன்’ என்பன பிற பாடங்கள். இவை சிரிப்புக்குரியன அல்ல: இடம் வெறுமையாக உள்ளதா என்று மட்டும் சோதிக்கும் ஸ்கிரிப்டுக்கு இவையும் முறையான எண்களே ஆதலால், ஒரு தளம் முழுதும் உள்ள கணினிகள் பதிவேட்டில் ஒரே கணினியாகச் சுருங்கிவிடும்.

இதற்கு நேர்மாறாக, ஒட்டுவதற்கு அடிப்புறமே இல்லாத மைக்ரோசாஃப்ட் அஷூர் மெய்நிகர் கணினிகள் யாவும் 7783-7084-3265-9085-8269-3286-77 என்னும் அசெட் டேக்கைத் தாங்குகின்றன. இடைக்கோடுகளை நீக்கி, இரண்டிரண்டு இலக்கமாகப் பிரித்து, எழுத்துகளுக்கு எண் வழங்கும் ஆஸ்கி அட்டவணையில் ஒப்பிட்டால், 77 எம், 83 எஸ் எனத் தொடங்கி ‘எம்எஸ்எஃப்டி அஷூர் விஎம்’ என்று முடியும். தான் எழுந்த இடம் அஷூர்தானா என்பதைக் கிளவுட்-இனிட் என்னும் மென்பொருள் இதைக் கொண்டே அறிகிறது. அமேசானோ தன் பெயரை நேரடியாகவே எழுதிவிடுகிறது. புலமைக்கு வேலை வைக்கவில்லை.

கணினியைக் கழித்து விற்கும்போது அசெட் டேக் இடத்தை வெறுமையாக்குவதும் முறை. வன்தட்டைச் சுத்தமாகத் துடைத்தனுப்பும் நிறுவனம் இதை மறந்துவிட்டால், பழைய மடிக்கணினியை வாங்கிய மாணவர் ஒருவர் டிமிடிகோட் கட்டளையை ஓட்டும்போது, அது இன்னும் ஏதோ ஒரு கணக்குப் பிரிவின் சொத்தாகவே தன்னை அறிவித்துக்கொள்ளும். பயாஸ் கடவுச்சொல்லும் நீக்கப்படாமல் கூடவே வந்திருந்தால் அந்த அசெட் டேக்கை மாற்றவும் அவரால் இயலாது.