முப்பது மில்லி ரசிகர்

மாதுங்காவில் பிறந்து, வடாலாவில் படித்து, பேங்க்கில் மேனேஜராக ஓய்வு பெற்று, செம்பூர் செடா நகரில் இரண்டு பெட்ரூம் ஃப்ளாட்டில் உட்கார்ந்துவிட்ட மும்பைத் தமிழருக்கு அறுபது வயதுக்குமேல் இரண்டு வழிகள்தான் இருந்தன. ஒன்று கோயில் கமிட்டி, மற்றது சபா கமிட்டி. இரண்டிலும் செக்ரெட்டரி பதவி காலியாவதே இல்லை. ஆகவே சமீப காலமாக மூன்றாவதாக ஒரு வழி திறந்திருக்கிறது. அதில் எல்லாருமே செக்ரெட்டரி. அதன் பெயர் டேஸ்டிங்.

இந்த வகை ஆசாமியை அடையாளம் காண்பது சுலபம். கல்யாண ரிசப்ஷனில், சம்பந்தி வீட்டார் பஞ்சாபியாக இருந்து, மாடியில் தனியாக ஒரு ஏற்பாடு நடக்கும்போது, எல்லாரும் கிளாஸை வாயருகே கொண்டுபோவார்கள். இவர் மட்டும் மூக்கருகே கொண்டுபோவார். பக்கத்தில் ஒருவர் ஐஸ் கட்டி போட்டுக்கொண்டால், தனி ஆவர்த்தனத்தின்போது கேன்டீனுக்கு எழுந்து போகிறவரைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். கோக் ஊற்றுகிறவரைப் பார்க்கவே மாட்டார்.

அந்தப் பார்வை கச்சேரி ஹாலிலிருந்து வந்ததுதான். இவர் அந்தக் காலத்து ஷண்முகானந்தா பால்கனி ரசிகர். 1963-ல் திறந்த அந்த ஹால் 1990-ல் தீப்பிடித்து, மறுபடி 1998-ல் திறக்கும்வரை எட்டு வருஷம் இவர் பட்ட பாட்டை இன்றும் சொல்லுவார். அப்போதே கையில் ஒரு ராகப் புத்தகம் இருக்கும். வித்வான் இரண்டு சுரம் பிடிப்பதற்குள் பக்கத்து சீட்டுக்காரரிடம் ராகத்தைச் சொல்லிவிட வேண்டும். சொன்ன ராகம் தப்பென்றால், "இவர் பாடாந்தரம் வேற" என்று வித்வான் தலையில் போட்டுவிடலாம். இப்போது ராகப் புத்தகம் போய் டேஸ்டிங் நோட்டு வந்திருக்கிறது. மற்றபடி ஒன்றும் மாறவில்லை. பாட்டிலைத் திறந்து பத்து விநாடிக்குள் "பேரிக்காய், வனிலா, பழைய தோல்" என்று சொல்லிவிடுவார். நமக்கு வரவில்லை என்றால், "உங்க மூக்கு இன்னும் திறக்கலை. அஞ்சு நிமிஷம் விடுங்கோ" என்பார். திறப்பது கிளாஸா மூக்கா என்பதில் எனக்கு இன்றுவரை சந்தேகம்.

டேஸ்டிங்குக்கு நாள் அமைவது பெரும்பாடு. செவ்வாய், வெள்ளி கூடாது. கிருத்திகையன்று திருச்செம்பூர் முருகன் கோயிலில் நிற்க வேண்டும். ஏகாதசி, பிரதோஷம், அமாவாசை, மாசப் பிறப்பு எல்லாம் போக, ஒரு நல்ல ஞாயிற்றுக்கிழமை மிஞ்சினால் அன்று அமெரிக்காவிலிருந்து பேரன் வீடியோ காலில் வருவான். நவராத்திரிக்கு மாமி கொலுப்படி கட்டத் தொடங்கியதும் பாட்டில்கள் அத்தனையும் மிருதங்க உறைக்குள் போய்க் கட்டிலுக்கடியில் படுத்துக்கொள்ளும். விஜயதசமிக்கு மறுநாள் எடுத்து மோந்து பார்த்துவிட்டு, "இந்தப் பத்து நாள்ல நன்னா மெச்சூர் ஆயிருக்கு" என்பார். கண்ணாடி பாட்டிலுக்குள் போனபின் விஸ்கிக்கு வயது ஏறாது, மரப் பீப்பாயில் இருந்தவரைதான் கணக்கு என்பது அவருக்கே தெரியும். அதை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான்.

சட்டத்தில் மனிதர் கறார். 1949-ஆம் வருஷத்து பம்பாய் மதுவிலக்குச் சட்டம் இன்னமும் உயிரோடு இருக்கிறது. மகாராஷ்டிராவில் பாட்டில் வாங்கவும் வைத்திருக்கவும் குடிக்கவும் பர்மிட் வேண்டும். ஒரு நாள் பர்மிட் ஐந்து ரூபாய். வைன் ஷாப்பில் யாரும் கேட்பதுமில்லை, கொடுப்பதுமில்லை. இவர் ஆயிரம் ரூபாய் கட்டி ஆயுள் பர்மிட் எடுத்து, எல்.ஐ.சி. பாலிசியோடு சேர்த்து லாக்கரில் வைத்திருக்கிறார். தேக ஆரோக்கியத்தைப் பேணுவதற்காக என்றுதான் அந்தக் காகிதத்தில் போட்டிருக்கும். அரசாங்கத்தின் கணக்கில் குடிக்கிறவன் எல்லாம் வைத்தியத்தில் இருக்கிறவன். மாமி எப்போதாவது குரலை உயர்த்தினால், "கவர்ன்மென்டே ஆரோக்கியத்துக்குன்னு எழுதிக் கொடுத்திருக்குடி" என்று அதைத்தான் நீட்டுவார். மாமியும் ஒரு சட்டம் வைத்திருக்கிறாள். டேஸ்டிங்குக்கென்றே வாங்கிய கிளென்கெய்ர்ன் கிளாஸ்கள் சமையலறை வாசலைத் தாண்டக் கூடாது. ரசிகரே பாத்ரூம் வாஷ்பேஸினில் கழுவி, பழைய வேஷ்டியால் துடைத்து, நலங்குப் புடவை வந்த அட்டைப் பெட்டியில் அடுக்கிக்கொள்ள வேண்டும்.

இந்த முறை என்னை டேஸ்டிங்குக்குக் கூப்பிட்டபோது விசேஷம் என்னவென்றால் கலவை. கலிபோர்னியாவில் இருக்கும் பிள்ளை ஏதோ சொல்லியிருக்கிறான். அங்கே சின்னச் சின்ன வடிசாலைக்காரர்கள் தானிய விஸ்கியில், பக்கத்துத் திராட்சைத் தோட்டத்து ஒயின் ஆலையில் வடித்த பிராந்தியைக் கலந்து விற்கிறார்களாம். ரசிகருக்குத் தூக்கம் போயிற்று. "நமக்கு நாசிக் எதுக்கு இருக்கு?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆரக்கிள் கம்பெனி வேலையை விட்டு வந்த ராஜீவ் சாமந்த் நாசிக்கில் நிலத்தைக் கொத்தி, 2000-ல் சுலா ஒயினை வெளியே கொண்டுவந்தார். அதுவரை பழமாகச் சாப்பிடும் திராட்சைக்குப் பேர்போன ஊர் அது. அடுத்த வருஷமே மகாராஷ்டிர அரசு ஒயினுக்கென்று தனிக் கொள்கை போட்டது. 2007-ல் சோளம், கம்பு மாதிரி தானியத்திலிருந்து சாராயம் வடிக்கும் ஆலைகளுக்கு மானியமும் அறிவித்தது. சாப்பிடுகிற தானியத்தைக் குடிக்கக் கொடுக்கிறார்கள் என்று பெரிய சண்டையும் நடந்தது. ஆக, தானியம் ஒரு பக்கம், திராட்சை ஒரு பக்கம். நடுவில் தாலி எடுத்துக் கொடுக்க ரசிகர்.

அன்று சாயங்காலம் போனபோது டீப்பாயில் செய்தித்தாள் விரித்து, தானிய விஸ்கி ஒன்று, நாசிக் திராட்சை பிராந்தி ஒன்று, பிஸ்லேரி தண்ணீர் ஒன்று, பேரனுக்கு விட்டமின் சொட்டு மருந்து கொடுத்த ட்ராப்பர் ஒன்று. நான்கு கிளாஸ்களில் ஸ்டிக்கர்: 90-10, 80-20, 70-30, 50-50. இரண்டாவது விருந்தாளி தாராவி அண்ணாச்சி. தொண்ணூறு அடி ரோட்டுக்குப் பின்னால் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருப்பவர். ரசிகர் தன் பாட்டிலுக்கு உறை தைக்கக் கொடுக்கப் போய் சிநேகமானவர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாத்தா காலத்தில் வந்த குடும்பம். பேச்சு மட்டும் தாமிரபரணியைத் தாண்டவே இல்லை.

முதலில் பிரசங்கம். ரசிகர் டேஸ்டிங்கில் கிளாஸ் கைக்கு வருவதற்குள் அரை மணி சரித்திரம் கேட்டாக வேண்டும். 1860-களுக்குப் பிறகு ஃபிலாக்ஸெரா என்ற பொடிப் பூச்சி பிரெஞ்சுத் திராட்சைக் கொடிகளின் வேரைத் தின்று தீர்த்தது. பிராந்திக்குப் பஞ்சம் வந்தது. பிராந்தி-சோடா குடித்துக்கொண்டிருந்த லண்டன் கனவான்கள் வேறு வழியில்லாமல் ஸ்காட்ச்-சோடாவுக்கு மாறினார்கள். "ஒரு பூச்சி இல்லேன்னா விஸ்கியே இல்லை. இன்னிக்கு அந்த ரெண்டையும் நான் மறுபடி சேர்த்து வைக்கறேன்" என்றார் ரசிகர், மத்தியஸ்தம் பேசி முடித்த தோரணையில்.

"லண்டன்ல மாறினா மாறட்டும் சார். எங்க ஊர்ல இன்னிக்கும் பிராந்திதான்" என்றார் அண்ணாச்சி.

இது ரசிகரைச் சீண்டிவிட்டது. நம் ஊர் பிராந்தி, பிராந்தியே இல்லை என்று ஆரம்பித்தார். நிஜ பிராந்தி என்றால் ஒயினைக் காய்ச்சி வடிக்க வேண்டும். ஒரு லிட்டருக்கு எட்டு, ஒன்பது லிட்டர் ஒயின் போகும். இங்கே பெரும்பாலும் சர்க்கரை ஆலையின் மொலாசஸிலிருந்து எடுத்த சாராயம்தான் அடிப்படை. பிளெண்டட் பிராந்தி என்று லேபிள் ஒட்டுவதற்கு திராட்சை பிராந்தி நூற்றுக்கு இரண்டு பங்கு இருந்தால் போதும் என்கிறது உணவுப் பாதுகாப்பு விதி. விஸ்கி கதையும் அதேதான். மொலாசஸ் விஸ்கியை ஐரோப்பாவில் விஸ்கி என்று சொல்லி விற்க முடியாது. தென்னிந்தியாவில் கொடிகட்டிப் பறக்கும் மேன்ஷன் ஹவுஸ் பிராந்தியின் கம்பெனிகூட 1933-ல் இதே மகாராஷ்டிராவில் சர்க்கரை ஆலையாகத்தான் தொடங்கியது என்று முடித்தார்.

அண்ணாச்சி அசரவில்லை. "அப்பம் நூறு சொட்டுல ரெண்டு சொட்டு திராட்சை இருக்குன்னு சொல்லுதீய. பரவால்ல சார், சாம்பார்ல பெருங்காயம் அவ்வளவுதானே போடுதோம்."

பேச்சு அம்ருத் பக்கம் திரும்பியது. அந்தப் பெயரை எடுத்தாலே ரசிகர் நிமிர்ந்து உட்காருவார். பெங்களூர்க்காரர்கள் 2004-ல் தங்கள் சிங்கிள் மால்ட்டை நேரே கிளாஸ்கோவிலேயே கொண்டுபோய் அரங்கேற்றினார்கள். 2010-ஆம் வருஷத்து விஸ்கி பைபிளில் ஜிம் மர்ரே அம்ருத் ஃப்யூஷனுக்கு 97 மார்க் போட்டு, உலகத்தில் மூன்றாவது இடம் கொடுத்தார். அன்றிலிருந்து ரசிகரும் நூற்றுக்கு மார்க் போடுகிறார். 97-ஐத் தாண்டியதில்லை. பீப்பாயிலிருந்து ஆவியாகிப் போவதை தேவதைகளின் பங்கு என்பார்களாம். ஸ்காட்லாந்துக் குளிரில் வருஷத்துக்கு 2 சதவீதம் போனால், பெங்களூர் வெயிலில் 10, 12 சதவீதம் போய்விடுமாம்.

"நம்ம நாட்டுல மேல இருக்கவனுக்குப் பங்கு எப்பவும் சாஸ்திதான்" என்றார் அண்ணாச்சி.

ஒருவழியாக 70-30 கைக்கு வந்தது. ரசிகர் கிளாஸைச் சாய்த்தார், சுழற்றினார், விளக்கில் பிடித்தார், சுவரில் வழிகிற கோட்டைப் பார்த்தார். மூக்கை உள்ளே விட்டு, கண்ணை மூடி, ஆலாபனையின் உச்சியில் நிற்கிறவர்போல் இடது கையை மெல்ல உயர்த்தினார். "லெதர். கிளியரா லெதர்."

அண்ணாச்சி முகம் மலர்ந்தது. அத்தனை நேரத்தில் அவருக்குத் தெரிந்த ஒரு விஷயம் இப்போதுதான் வந்திருக்கிறது. "எந்தத் தோலு சார்?"

"எந்தத் தோல்னா?"

"ஆட்டுத் தோலா, எருமைத் தோலா? உப்புப் போட்ட பச்சைத் தோலு ஒரு வாடை. குரோம் போட்ட ஈரத் தோலு வேற. எங்க தாத்தா காலத்துல ஆவாரம்பட்டை போட்டுப் பதம் பண்ணுவாவ, அது வேற. கலர் அடிச்சு முடிச்ச தோலுன்னா அது தோல் வாசமே இல்ல, பெயின்ட் வாசம். நீங்க எதைச் சொல்லுதீய?"

ரசிகர் கண்ணைத் திறந்தார். தாராவியில் தோல் பதனிட ஆரம்பித்து நூறு வருஷத்துக்கு மேலாகிறது. ஆரம்பித்தவர்களில் தமிழர்கள் நிறைய. பதனிடுவது பெரும்பாலும் வெளியே போனாலும், தைக்கிற பட்டறைகள் இருக்கின்றன. செம்பூரிலிருந்து அங்கே ஆட்டோவில் அரை மணி. ஆனால் ரசிகருக்குத் தோல் வாசனை என்பது ஏதோ ஸ்காட்லாந்து நூலகத்தில் ஒரு சாய்வு நாற்காலியின் வாசனை. அதையும் அவர் உட்கார்ந்து பார்த்ததில்லை, படித்ததுதான்.

"ஜெனரல் லெதர்" என்றார்.

அண்ணாச்சி தன் கிளாஸை வாங்கி, ஒரு முறை மோந்து பார்த்து, "தோலு ஒண்ணும் இல்ல சார். கிஸ்மிஸ் இருக்கு. புழுங்கரிசி ஊறப்போட்ட தண்ணி மாதிரி ஒண்ணு இருக்கு" என்று சொல்லிவிட்டு, ஒரே மடக்கில் முடித்துக் கிளாஸைக் கவிழ்த்து வைத்தார். ரசிகர் முகத்தில் மங்களம் பாடுவதற்குள் திரையை இறக்கியதுபோல ஓர் அதிர்ச்சி. ஆனாலும் மறுபடி குனிந்து மோந்தார். கொஞ்ச நேரம் பேச்சில்லை. நோட்டில் ஏதோ எழுதினார். எட்டிப் பார்த்தேன். "உலர்ந்த திராட்சை. சாதம் வடித்த கஞ்சி. மாதுங்கா மார்க்கெட் மளிகைக் கடைச் சாக்கு" என்று இருந்தது. பிறகு அதை நேர்க்கோடு போட்டு அடித்துவிட்டு, கீழே "பேரிக்காய், ஓக், லேசாக லெதர் – 88" என்று எழுதி மூடினார். என் அபிப்பிராயம் கேட்டால், அடித்த வரி அசலாக இருந்தது. எனக்கும் கஞ்சிதான் தெரிந்தது. விஸ்கியின் முரட்டுத்தனத்தை பிராந்தி கொஞ்சம் தட்டிக் கொடுத்து உட்கார வைத்திருந்தது. 70-30 நிஜமாகவே நன்றாக இருந்தது. 50-50 இருமல் மருந்து.

"லிட்டருக்கு அடக்கம் எவ்வளவு வருது சார்?" என்றார் அண்ணாச்சி. வியாபாரி.

ரசிகர் பேங்க் மேனேஜர் ஆனார். விஸ்கி இவ்வளவு, பிராந்தி இவ்வளவு, இதற்கு ஜி.எஸ்.டி. கிடையாது, எக்ஸைஸும் வாட்டும் எம்.ஆர்.பி.யிலேயே அடக்கம், கலக்கும்போது சிந்தியது ஒரு சதவீதம். தொகையைக் கேட்டு அண்ணாச்சி விசிலடித்தார். "இந்த ரூபாய்க்கு நாங்க நாலு பேரு குடிச்சுப்போட்டு, மிச்சத்துல ஃபிஷ் ஃப்ரையும் சாப்பிட்டுட்டு வருவோம்." வறுத்த மீன் என்றதும் ரசிகர் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

அந்தப் பக்கத்திலிருந்து அப்போதுதான் ஒரு வாசனை கிளம்பி ஹாலுக்குள் வந்தது. அண்ணாச்சி மூக்கை உறிஞ்சினார். "மாமி, ரசமா? தூக்குதே!"

மாமி பதில் சொல்வதற்குள் ரசிகர் சோஃபாவில் சாய்ந்தபடியே சொன்னார். கிளாஸ் இல்லை, சுழற்றல் இல்லை, கண்கூட மூடவில்லை. "மிளகு நேத்திக்கே வறுத்து வெச்சது. பெருங்காயம் கட்டி, பொடி இல்லை. தக்காளி ரெண்டு கூட விழுந்திருக்கு, புளி பழசு. இன்னும் நெய்யில தாளிச்சுக் கொட்டலை. அடியே, அடுப்பைச் சின்னதாக்கு, நுரை கட்டிடுத்து."

உள்ளே குமிழ் திருகுகிற சத்தம் கேட்டது.

"அடேங்கப்பா! இதுக்கு எத்தனை மார்க் சார்?" என்றார் அண்ணாச்சி.

"மார்க் கிடக்கட்டும்" என்றாள் மாமி உள்ளேயிருந்து. "கையை அலம்பிண்டு வரச் சொல்லுங்கோ. அந்தக் கையோட தட்டைத் தொடப்படாது."