தண்ணி விழுதா?

'சுவிசேஷம்' சரியா, 'நற்செய்தி' சரியா? எங்கள் வீட்டிலேயே இரண்டு கட்சி. (செங்கோட்டை வாசகர்)

இரண்டும் ஒரே கிரேக்கச் சொல்லுக்குப் பிறந்தவை. 'ஏவாங்கெலியோன்' என்றால் நல்ல சேதி. பழைய வேதப்புத்தகத்தில் அது வடமொழி உடுத்திச் சுவிசேஷம் ஆயிற்று. 1995-ல் வந்த திருவிவிலியத்தில் நற்செய்தி ஆயிற்று. எனக்கு இரண்டும் வேண்டும். ஆனால் செங்கோட்டைக்காரரான உங்களுக்குச் சுவிசேஷத்தின் ருசி கூடுதலாகத் தெரியும். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த ஊர் ஆயிற்றே! மலைக்கு அந்தப் பக்கம் 'எந்துண்டு விசேஷம்?' என்றால் 'என்ன சேதி?' என்று அர்த்தம். இந்தப் பக்கம், புதுசாகக் கல்யாணமான பெண்ணிடம் ஆச்சிமார் 'ஏதும் விசேஷம் உண்டா?' என்று கேட்டால் வேறு அர்த்தம். பெத்லகேமில் ஒரு பிள்ளை பிறந்த சேதிக்கு இரண்டு அர்த்தமும் பொருந்துகிறது.

ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். இந்தச் சொல் அரண்மனைப் புழக்கத்திலும் இருந்தது. கி.மு. 9-ஆம் ஆண்டு, ஆசியா மைனரில் பிரியேனே என்ற ஊரின் கல்வெட்டு, ரோமச் சக்கரவர்த்தி அகஸ்துவின் பிறந்த நாளையே உலகத்துக்கு நல்ல சேதிகளின் தொடக்கம் என்று புகழ்கிறது. அதே சொல்லை எடுத்துத்தான் மாற்கு தன் புத்தகத்தைத் தொடங்குகிறார், அதே ரோம அரசு சிலுவையில் அறைந்து கொன்ற ஒரு தச்சரைப் பற்றி. எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

தென்காசி பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு கேட்கிறேன். பஸ் வந்துவிட்டது. நற்செய்தி என்றால் என்ன? ஒரே வரியில்! (இலஞ்சி வாசகர்)

உங்கள் கடனை வேறொருவர் அடைத்தாயிற்று, புரோநோட்டைக் கிழித்தாயிற்று, வீட்டில் இலை போட்டுக் காத்திருக்கிறார்கள். ஏறுங்கள், படியில் நிற்காதீர்கள்.

நல்லவனாக இரு, பொய் சொல்லாதே என்று எல்லா மதமும்தான் சொல்கிறது. இதில் கிறிஸ்தவம் புதிதாக என்ன சொல்லிவிட்டது? (பாவூர்சத்திரம் வாசகர்)

ஆனி பிறந்து குற்றாலச் சீசன் வந்ததும் மதுரையிலிருந்தோ சென்னையிலிருந்தோ சொந்தக்காரர் போன் பண்ணினால், நலம் விசாரிப்பதற்கு முன்னால் கேட்பது என்ன? 'தண்ணி விழுதா?' அதற்கு நாம் 'குளிப்பது உடம்புக்கு நல்லது, தினமும் குளிக்க வேண்டும்' என்று பதில் சொன்னால் எப்படி இருக்கும்? சொன்னதில் தப்பில்லை, ஆனால் அவர் கேட்டது அதுவல்ல. அவருக்கு வேண்டியது சேதி: 'நேற்று ராத்திரியிலிருந்து பேரருவியில் விழுது. வெள்ளம் பாதுகாப்பு ஆர்ச்சைத் தொடவில்லை. குளிக்க விடுகிறார்கள். கிளம்பி வாங்க.'

'நல்லவனாக இரு' என்பது அறிவுரை. ஔவையின் ஆத்திசூடி முழுக்க ஏவல்தான். அதைத் தலைமேல் வைத்துக் கொண்டாட வேண்டும். இயேசுவும் மலைமேல் உட்கார்ந்து அறிவுரை சொன்னவர்தான். ஆனால் நற்செய்தி என்ற பெயருக்குள் இருப்பது வேறு. கி.பி. 55 வாக்கில் பவுல் கொரிந்து ஊர்ச் சபைக்கு எழுதிய கடிதத்தில் அதைச் சுருக்கித் தருகிறார்: நம் பாவங்களுக்காகக் கிறிஸ்து இறந்தார், புதைக்கப்பட்டார், மூன்றாம் நாள் எழுந்தார், பேதுரு பார்த்தார், பன்னிருவர் பார்த்தார்கள், ஒரே நேரத்தில் ஐந்நூறு பேருக்கு மேல் பார்த்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் படித்த இலக்கணத்தை நினைவுபடுத்திக்கொண்டு அந்த வினைகளைப் பாருங்கள். இறந்தார், எழுந்தார், பார்த்தார்கள். சாட்சிகள் உயிரோடிருப்பதைத் தவிர எல்லாம் இறந்தகாலம். நம்மைப் பார்த்து 'செய்' என்று ஓர் ஏவல்கூட அதில் இல்லை.

அருவியை நாம் விழவைக்கவில்லை. மேற்கே மலையில் மழை பெய்தது, விழுகிறது. நாம் செய்யக்கூடியது போய்த் தலையைக் கொடுப்பது. கிருபை என்று கிறிஸ்தவர்கள் சொல்வது இதைத்தான். அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு எப்போதும் உச்சந்தலையில் தண்ணீர் அறைகிற அந்த முதல் நொடிதான் ஞாபகம் வரும். மூச்சு முட்டும், கண் தெரியாது, பக்கத்தில் நிற்பவர் யாரென்று தெரியாது, வாயைத் திறந்தால் சத்தம் மட்டும்தான் வரும்.

அப்படியானால் நல்லது எதுவும் செய்ய வேண்டாம், நம்பினால் போதும் என்கிறீர்கள். வசதியான மதம்! (ஆலங்குளம் வாசகர்)

எரிகோவில் வரி வசூல் பண்ணிய சகேயுவைக் கேளுங்கள். ஊரை அடித்து உலையில் போட்ட மனிதர். குள்ளமானவர் என்பதால் கூட்டம் மறைக்கிறதென்று காட்டத்தி மரத்தில் ஏறி உட்கார்ந்திருந்தார். இயேசு அண்ணாந்து பார்த்து, இன்றைக்கு உன் வீட்டில்தான் தங்கல் என்றார். 'முதலில் திருந்து, பிறகு வருகிறேன்' என்று சொல்லவில்லை. அவர் வீட்டுக்குள் வந்த பிறகு சகேயு தானாக எழுந்து நின்று, சொத்தில் பாதி ஏழைகளுக்கு, ஏமாற்றிப் பறித்ததற்கு நாலு மடங்கு என்றார். நன்மை வருகிறது. ஆனால் அழைப்புக்குக் கட்டணமாக வரவில்லை, விருந்தின் சந்தோஷத்தில் வருகிறது. அருவியில் நின்றுவிட்டு நனையாமல் திரும்பி வந்தவன் உண்டா?

நாலு சுவிசேஷம் எதற்கு? ஒன்று போதாதா? (ஐந்தருவிக்கு அடிக்கடி போகும் வாசகர்)

ஐந்தருவியில் போய் நின்றுகொண்டு 'ஒன்று போதாதா' என்று கேட்டிருக்கிறீர்களா? கீழே ஐந்தாகப் பிரிகிறது. மேலே ஓடை ஒன்றுதான்.

வெள்ளைக்காரன் கொண்டுவந்த செய்திதானே இது? நம் மண்ணுக்கும் அதற்கும் என்ன ஒட்டுறவு? (மேலகரம் வாசகர்)

மேலகரத்திலிருந்து இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். பதில் உங்கள் ஊரில்தான் தொடங்குகிறது.

உங்கள் ஊர்த் திரிகூடராசப்பக் கவிராயர் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குற்றாலக் குறவஞ்சியைப் பாடினார். மதுரை நாயக்க மன்னர் முத்துவிசயரங்க சொக்கநாதர் மகிழ்ந்து நிலம் கொடுத்தார். அதற்குக் குறவஞ்சி மேடு என்றே பெயர். குற்றாலநாதரிடம் மனதைப் பறிகொடுத்த வசந்தவல்லியின் வாசலுக்கு ஒரு குறத்தி வருகிறாள். தன் மலையின் பெருமை சொல்லி, கை பார்த்து, நீ நினைத்தவர் உனக்குத்தான் என்று குறி சொல்கிறாள்.

1774-ல் திருநெல்வேலியில் ஒரு பிள்ளை பிறந்தது. வேதநாயகம். சிறுவனாக இருக்கும்போதே ஜெர்மானிய மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயர் அவரைத் தஞ்சாவூருக்கு அழைத்துப் போய்ப் படிக்க வைத்தார். பின்னால் வேதநாயக சாஸ்திரியார் என்று பேர் வாங்கிய அவர், 1800-ல், இருபத்தாறு வயதில் பாடியது பெத்லகேம் குறவஞ்சி. சட்டகம் உங்கள் கவிராயர் போட்டது. உலா உண்டு, தலைவியின் காதல் உண்டு, மலைவளம் உண்டு, குறி உண்டு, பறவைக்குக் கண்ணி வைக்கும் சிங்கனும் அவன் தேடுகிற சிங்கியும் உண்டு. பாட்டுடைத் தலைவர் மட்டும் பெத்லகேம் நாதர்.

ஜெர்மானிய மிஷனெரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் கரையிறங்கியது 1706-ல். அதற்கு நூறு வருஷம் முடியுமுன் நற்செய்தி தமிழ்க் குறத்தியின் வாயில் வந்து உட்கார்ந்துவிட்டது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. சேதி சொல்லச் சாஸ்திரியாருக்கு ஒரு பண்டிதரோ ராஜகுருவோ கிடைக்காமலா போனார்? கூடையை இடுக்கிக்கொண்டு வெயிலில் நடந்து வந்து, திண்ணையில் உட்கார்ந்து, எதிரில் இருப்பவளின் கையைத் தன் கையில் எடுத்துப் பேசுகிறவளை அல்லவா பிடித்தார்! தூரத்திலிருந்து மைக்கில் கத்துவதற்கும் கையைப் பிடித்துச் சொல்வதற்கும் உள்ள வித்தியாசம் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

நம் பக்கத்துக் கரையிருப்பில் பிறந்த எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை 1894-ல் இரட்சணிய யாத்திரிகம் தந்தார். ஆங்கிலேயர் பனியன் எழுதிய பயணக் கதையைக் கம்பன் நடையில் காவியமாக்கிய புத்தகம் அது. விதை எங்கிருந்து வந்தாலும் முளைத்தது இந்த மண்ணில், குடித்தது இந்தத் தண்ணீரை.

சீசனுக்குக் குடும்பத்தோடு போனால், ஈரத்துண்டோடு நிற்கும்போதே கையில் ஒரு கைப்பிரதியைத் திணித்து நரகத்துக்குப் போவாய் என்கிறார்கள். இதுதான் நற்செய்தியா? (கடையநல்லூர் வாசகர்)

இல்லை. நல்ல சேதி என்று சொல்லிக்கொண்டு பயத்தை நீட்டக் கூடாது. உங்களுக்கு நேர்ந்ததற்கு வருந்துகிறேன்.

கைப்பிரதி கொடுப்பவரில் உள்ளன்போடு வருகிற எளிய மனிதர்களையும் நான் அறிவேன். ரிட்டயர்டு ஆனவர், பென்ஷன் பணத்தில் அச்சடித்து, மழையில் நனையாமல் பாலித்தீன் பையில் போட்டுக் கொண்டுவருவார். அவருக்கும் சேர்த்துத்தான் இதைச் சொல்கிறேன். உயிர்த்தெழுந்த அன்றைக்கு இயேசு எம்மாவுக்குப் போகிற இரண்டு பேரோடு சேர்ந்து நடந்தார் என்று லூக்கா எழுதுகிறார். ஏறக்குறைய பதினொரு கிலோமீட்டர். தென்காசியிலிருந்து குற்றாலத்துக்கு நடந்து திரும்புகிற தூரம். அவர் முதலில் வாய் திறந்தது, என்ன பேசிக்கொண்டு வருகிறீர்கள் என்று கேட்க. அவர்கள் தங்கள் துக்கத்தை எல்லாம் கொட்டும்வரை கேட்டார். பிறகுதான் பேசினார். ஊர் வந்ததும் தன் வழியே போகப் பார்த்தார். அவர்களாக வருந்தி அழைத்த பிறகே வீட்டுக்குள் நுழைந்தார். சேதி சொல்கிறவருக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. சிங்கன் வைத்த கண்ணி பாட்டோடு இருக்கட்டும், குளிக்க வந்தவர் காலில் வேண்டாம்.

'பாவம்', 'பாவி' என்ற சொற்களே எனக்குப் பிடிப்பதில்லை. என்னைப் பாவி என்று சொல்ல இவர்கள் யார்? (கல்லூரி மாணவி, தென்காசி)

உன்னைப் பாவி என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை, மகளே. அது ஒருவர் தன்னைப் பற்றித் தானே கண்டு சொல்ல வேண்டிய சொல். கிரேக்க மூலத்தில் அதற்குக் குறி தவறுதல் என்று பொருள்; இப்படி வாழ நினைத்தேன், அப்படி ஆகிவிட்டது என்று ராத்திரி தூக்கம் வராமல் படுத்திருக்கும்போது தெரியுமே, அது.

ஆனால் தமிழ் இந்தச் சொல்லுக்குள் இன்னொன்றையும் வைத்திருக்கிறது. பஸ்ஸில் கைக்குழந்தையோடு நிற்கிற பெண்ணைப் பார்த்தால் உன் வாயில் என்ன வருகிறது? 'ஐயோ, பாவம்!' குற்றத்துக்கும் இரக்கத்துக்கும் ஒரே சொல். கடவுள் நம் பாவத்தைப் பார்த்தார், பார்த்ததும் 'பாவம்!' என்று எழுந்து இடம் கொடுத்தார். நற்செய்தியை இதைவிடச் சின்னதாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பெண்கள் பிரசங்கம் பண்ணலாமா? எங்கள் சபையில் பெரிய சண்டை. (சாம்பவர்வடகரை வாசகி)

கல்லறை காலியாக இருக்கிறது என்ற சேதியை முதலில் சுமந்து ஓடியது மகதலேனா மரியாள். அன்று அந்த அம்மாவை வாயை மூடச் சொல்லியிருந்தால் இன்று உங்கள் சபையில் சண்டை போட ஆளே இருந்திருக்காது.

பாளையங்கோட்டைக்குப் போனால் பாப்பாத்தியம்மாள் கோயிலைப் பாருங்கள். தஞ்சாவூர் மராட்டியப் பிராமண விதவை குளோரிந்தா 1778-ல் சுவார்ட்ஸிடம் ஞானஸ்நானம் பெற்று, 1785-ல் எழுப்பிய கோயில். திருநெல்வேலிச் சீர்திருத்தச் சபையின் 1780-ஆம் ஆண்டுப் பதிவேட்டில் உள்ள நாற்பது பேரில் முதல் பெயர் அவருடையது. தென்னிந்தியத் திருச்சபையில் 2013-லேயே ஒரு பெண், புஷ்பலலிதா அம்மையார், பேராயர் ஆகிவிட்டார். உங்கள் சபை மூப்பர்களிடம் வருஷங்களைச் சொல்லுங்கள்.

அசனப் பண்டிகை என்று ஊருக்கெல்லாம் சோறு போடுகிறீர்களே, சோறு போட்டால் நற்செய்தி ஆகிவிடுமா? சாதி போய்விட்டதா? (சுரண்டைப் பக்கத்துக் கிராமத்து வாசகர்)

உங்கள் பக்கத்து அசனம் ஒன்றில் சாப்பிட்டவன் நான். முந்தின ராத்திரியே கோயில் காம்பவுண்டில் மண்ணை வெட்டிக் கோட்டை அடுப்பு. வடித்த சோற்றைப் புதுப் பாயில் மலையாகக் கொட்டி வெள்ளை வேட்டியால் மூடியிருந்தார்கள். வேட்டிக்கு மேலே ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. ஐயர் ஜெபித்து முடித்ததும் பந்தி. நெற்றியில் திருநீறோடு ஒரு பாட்டி தூக்குவாளியை நீட்ட, உபதேசியார் சம்சாரம் குழம்பை ஊற்றிவிட்டு, 'ஆச்சி, சோறு போதுமா, இன்னும் வைக்கவா?' என்று கேட்டார். அந்தக் குரலில் நற்செய்தி இருந்தது. சத்தியமாக இருந்தது.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். போகவில்லை. கொரிந்துச் சபையில் வசதியானவர்கள் முந்திச் சாப்பிட, ஏழைகள் பசியோடு உட்கார்ந்ததைப் பவுல் அன்றைக்கே கண்டித்தார். 1820-ல் திருநெல்வேலிக்கு வந்த மிஷனெரி ரேனியஸ் ஐயர், தன் பள்ளியில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒன்றாகத்தான் சாப்பிட வேண்டும் என்று நின்றார். ஆனால் மேலே நான் வாய் நிறையப் புகழ்ந்தேனே, அந்த வேதநாயக சாஸ்திரியார் 1820-களின் கடைசியில், சபைக்குள் சாதி வழக்கத்தை ஒழிக்கக் கூடாது என்று எழுதி வாதாடியவர். குறத்தியின் கையில் நற்செய்தியைக் கொடுத்தவரே பந்தியில் பிரித்து உட்காரச் சொன்னார். அவர் பாட்டின் மேல் எனக்குள்ள பிரியம் இதை மறைக்க விடாது. வடக்கன்குளத்தில் 1872-ல் கட்டிய கத்தோலிக்கக் கோயிலில் சாதிக்கொரு பக்கம் என்று பிரித்து நடுவில் தடுப்பு வைத்தார்கள். அதை இடிக்க 1910 ஆயிற்று. கல்லறைத் தோட்டத்தில் சாதிச் சுவர் நிற்கிற ஊர்கள் இன்றும் உண்டு. அந்தச் சுவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உயிர்த்தெழுதலைப் பிரசங்கிப்பவர்கள் எந்தப் பக்கம் நின்று பிரசங்கிக்கிறார்கள் என்று கேளுங்கள். கேட்டுக்கொண்டே இருங்கள்.

அம்மா போய் நாற்பது நாள் ஆகிறது. கோயிலுக்குப் போனால் எல்லாரும் நற்செய்தி, நம்பிக்கை என்கிறார்கள். காதில் எதுவும் ஏறவில்லை. (ஆய்க்குடி வாசகி)

ஏற வேண்டாம் அம்மா. இப்போது அவசரம் ஒன்றும் இல்லை. இறந்துபோன நண்பர் லாசருவை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தும் இயேசு கல்லறைக்குப் போகிற வழியில் அழுதார். பிறகுதான் கல்லைப் புரட்டச் சொன்னார். உங்களை அழ விடாமல் ஆறுதல் சொல்ல வருகிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

நம் பக்கத்துச் சபைகளில் ஈஸ்டர் அன்று இருட்டோடு எழுந்து கல்லறைத் தோட்டத்துக்குப் போவார்கள், பார்த்திருப்பீர்கள். மெழுகுவர்த்தியைக் கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டு, அவரவர் ஆள் படுத்திருக்கிற இடத்தைத் தேடிப் போய் நிற்பார்கள். என் அம்மாச்சி எங்கள் தாத்தா கல்லறையில் முளைத்த புல்லைப் பிடுங்கிக்கொண்டே இருப்பாள், பாட்டு முடிகிறவரை. மகதலேனா மரியாளும் அப்படித்தான் இருட்டோடு போனாள். எதிரே நின்றவரைத் தோட்டக்காரர் என்று நினைத்தாள். அவர் வேறு எதுவும் விளக்கவில்லை. அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அதன் பிறகே அவளுக்கு அடையாளம் தெரிந்தது.

உங்கள் கடிதத்தில் 'அம்மா' என்று மட்டும் இருக்கிறது. அடுத்த கடிதத்தில் அவர்கள் பெயரை எழுதுங்கள். என்ன சமைப்பார்கள், உங்களை வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்கள் என்பதையும் எழுதுங்கள். பிரசுரிக்க அல்ல, நான் படிக்க.