கம்பெனியார் புகழ்

ஒல்லாந்தர் கம்பெனியாரே, சரக்கை ஒழுங்குபடுத்தும் வித்தையில் உங்களை மிஞ்சியவர் இந்தக் கடலுக்கு வந்ததில்லை. மலாக்கா சுல்தான்களுக்கு அது தெரியவில்லை. குஜராத்தியருக்கு ஒருவர், சீனருக்கு ஒருவர், சாவகத்தாருக்கு ஒருவர், நம் சோழமண்டலக் கரையாருக்கும் வங்காளத்தாருக்கும் ஒருவர் என்று நான்கு ஷாபந்தர்களை, அதாவது துறைமுக அதிகாரிகளை, வைத்துக்கொண்டு, வந்தவரையெல்லாம் வாழவிட்டார்கள். நீங்கள் 1602-இல் கம்பெனி கூட்டி, 1619-இல் இன்றைய ஜகார்த்தாவில் பத்தாவியாவை எழுப்பினீர்கள். ஆசியா முழுவதற்கும் அதுவே தலைமைக் கிடங்கு. உத்தரவும் கணக்கும் அங்கிருந்தே.

முன்பெல்லாம் நாகப்பட்டினத்துத் துணி செட்டிமார் கப்பலில் மலாக்காவுக்கு வந்து, கடைத்தெருவிலேயே கிராம்பாகவும் சாதிக்காயாகவும் மாறிவிடும். பேரம் பேசிப் பேசித் தொண்டை வறளும். அந்தத் தொல்லையைத் தீர்த்தீர்கள். வாங்கும் விலையும் விற்கும் விலையும் உங்களுடையவை. சேமிப்பைக் கிடங்கில் தொடங்காமல் மரத்திலேயே தொடங்கினீர்களே, அதுதான் மேதைமை. அம்போனிலும் அதையடுத்த சில தீவுகளிலும் மட்டும் கிராம்பு விளைந்தால் போதும் என்று மற்ற இடங்களில் மரங்களை வெட்டிச் சாய்த்தீர்கள். சாதிக்காயை உங்களுக்கு மட்டுமே விற்க மறுத்த பாண்டாத் தீவுகளில், 1621-இல், மக்களையே வெட்டிச் சாய்த்தீர்கள். மிஞ்சியவர்களில் பலரை அடிமைகளாக்கிப் பத்தாவியாவுக்கு ஏற்றினீர்கள். அந்தக் கப்பல்களும் காலியாகப் போகவில்லை.

போர்ச்சுகீசியர் வசமிருந்த மலாக்காவை மாதக்கணக்கில் முற்றுகையிட்டு 1641 ஜனவரியில் பிடித்தீர்கள். அவ்வளவு உயிரைக் கொடுத்து வாங்கிய துறைமுகத்தை வளர்க்க வேண்டும் என்ற பேராசை உங்களுக்கு இல்லை. பத்தாவியாவுக்கு அது போட்டியாகாமல் இருந்தால் சரி. நீரிணையில் போகிற கப்பல் இங்கே ஒதுங்கிச் சுங்கம் கட்டட்டும், சீட்டு வாங்கட்டும். வெள்ளீயம் உங்கள் கிடங்கில் இறங்கட்டும். உலகத்தின் சந்தையைச் சுங்கச்சாவடியாகச் சுருக்கிக் காட்டினீர்கள்.

தமிழ் வணிகர் வழிவந்த மலாக்காச் செட்டிகளுக்கு நீங்கள் செய்த நன்மையை யார் எழுதுவார்கள்? தலைமுறை தலைமுறையாகக் காற்றையும் கடனையும் நம்பி அலைந்த குடும்பங்கள் அவை. பெருஞ்சரக்கெல்லாம் கம்பெனிக்கே என்றான பின் அந்த அலைச்சல் ஓய்ந்தது. மலாக்காவின் காஜா பேராங்கில் வயலில் இறங்கினார்கள். போர்ச்சுகீசியர் காலத்தில்கூட நினா சாத்து என்ற தமிழ் வணிகர் பெண்டஹாரா என்ற உயர் பதவியில் இருந்த ஊர் இது. அந்த ஊரில் நம்மவர்க்கு நாற்று நடக் கற்றுக்கொடுத்தது நீங்கள். கோயிலுக்கு நிலமும் தந்தீர்கள். 1781-இல் தெய்வநாயகம் செட்டி எழுப்பிய பொய்யாத விநாயகர் கோயில் அந்த மண்ணில்தான் இன்றும் நிற்கிறது. கடையை எடுத்துக்கொண்டு கோயிலைக் கொடுக்கும் தாராளம் யாருக்கு வரும்?

உங்கள் வழி இந்த மாநிலத்தில் பட்டுப்போகவும் இல்லை. சைம் டார்பி என்ற ரப்பர் தோட்டக் கம்பெனி 1910-இல் இதே மலாக்காவில் பிறந்தது. பால்மரம் சீவ நம் மக்கள் தோட்டங்களுக்கு வந்தார்கள். தலைமை அலுவலகம் மலாக்காவை விட்டுப் போனது. 2007-இல் கத்ரி, கோல்டன் ஹோப் தோட்டக் கம்பெனிகளும் சைம் டார்பியுடன் ஒன்றாயின. மலாக்காவின் ஜாசின் பக்கத்து லயத்தில் பிறந்தவர், தம் தோட்டத்தைப் பற்றிய முடிவு எங்கே எடுக்கப்படுகிறது என்று உள்ளூரில் தேடி அலைய வேண்டியதில்லை.

உங்கள் கடைசிக் கணக்கும் சுத்தம். நூறாண்டுக்கும் மேலாக லாபத்தைப் பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுத்தீர்கள். 1799 டிசம்பர் 31-இல் கம்பெனி முடிந்தபோது மிஞ்சிய கடனை மட்டும் யாருக்கும் பிரிக்கவில்லை. மொத்தமாக உங்கள் நாட்டு அரசின் தலையில் இறக்கிவைத்தீர்கள்.