அசல் பித்தர்

டெட்ராய்ட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் ஏதாவது ஒரு பழைய கார் கண்காட்சிக்குப் போனால் அவரைக் கண்டுபிடிப்பது சுலபம். சாதாரண ஜனங்கள் முதலில் காரின் நிறத்தைப் பார்ப்பார்கள். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் பானெட்டைத் தூக்கச் சொல்லி இன்ஜினைப் பார்ப்பார்கள். இவர் குனிவார். அறுபத்தைந்து வயது முழங்கால் 'கடக்' என்று முறையிடுவதைப் பொருட்படுத்தாமல் முன்சக்கரத்தின் அருகே உட்கார்ந்து, டயரின் பக்கவாட்டில் உள்ளதை எழுத்துக் கூட்டிப் படிப்பார். பின்சக்கரத்துக்கு நகர்ந்து அதையும் படிப்பார். பிறகு எழுந்து, பேன்ட்டைத் தட்டிக்கொண்டு, கார்ச் சொந்தக்காரரின் தோளில் ஆறுதலாகக் கை வைப்பார்.

"அருமையான கார். ஆனால்..."

அந்த 'ஆனால்'தான் அவர். காரோ 1970 பிளிமத் ஏஏஆர் குடா. கம்பெனியே முன்னால் இ60-15, பின்னால் ஜி60-15 என்று இரண்டு அளவு டயர் போட்டு அனுப்பிய வண்டி. சொந்தக்காரர் விவரமில்லாமல் நான்கும் ஒரே அளவாகப் போட்டுவிட்டார். இனி அன்று முழுக்க அவருக்குச் சாப்பாடு இறங்காது. நம்மவருக்கு நன்றாக இறங்கும்.

1964-ல் பான்டியாக் ஜிடிஓ வந்ததிலிருந்து 1970-களின் தொடக்கம் வரை, டெட்ராய்ட் கம்பெனிகள் நடுத்தரக் காருக்குள் பெரிய இன்ஜினைத் திணித்து இளவட்டங்களுக்கு விற்றன. இன்று அவற்றுக்கு மசில் கார் என்று பெயர். பையனாக இருந்தபோது அண்டைவீட்டு வேலி வழியாக அப்படி ஒன்றைப் பார்த்து ஏங்கியவர் நம்மவர். கையில் காசு சேர்ந்தபோது தலையில் முடி இல்லை. இருந்தாலும் வாங்கிவிட்டார்: 1970 செவர்லே ஷெவெல் எஸ்எஸ், 454 கன அங்குல எல்எஸ்6 இன்ஜின், கம்பெனி கணக்கில் 450 குதிரைத்திறன்.

வாங்கியவர் ஓட்டினாரா? இல்லை, கழற்றினார். இன்ஜினில் பொறித்த எண்ணும் காரின் எண்ணும் பொருந்த வேண்டும். ஒவ்வொரு பாகத்தையும் வார்த்த தேதி கார் பிறந்த தேதிக்கு முந்தியிருக்க வேண்டும். ரொம்பவும் முந்திவிடக் கூடாது. பெட்ரோல் டேங்கின் தலைமேல் எலி கடித்த நிலையில் ஒட்டிக்கொண்டிருந்த ஆலைச் சீட்டைப் பிரித்து, பூதக்கண்ணாடி வைத்துப் படித்தார். ஜாதகப் பொருத்தத்தில் பத்துக்கு எட்டு வந்தால் போதும் என்று நம் ஊர் ஜோசியராவது இறங்கி வருவார். இவர் வரமாட்டார்.

ஆலையில் அன்று வேலை பார்த்தவர்கள் அவசரத்தில் விட்ட தப்புகளும் அவருக்கு வேண்டும். அடிப்பகுதியில் பெயின்ட் வழிந்திருந்தால் அதே இடத்தில் அதே மாதிரி வழியவிட வேண்டும். மேற்பார்வையாளர் சாக்கட்டியால் கிறுக்கிய குறியை இன்று ஒருவர் கைநடுங்காமல் பார்த்துப் பார்த்துக் கிறுக்க வேண்டும். அரை நிமிஷத்தில் நடந்த அலட்சியத்தை அவர் அரை நாள் கவனமாகச் செய்வார்.

இத்தனையும் முடிந்த பிறகு மிஞ்சுவது டயர். அங்கேதான் மனிதர் தூக்கம் இழக்கிறார்.

அவருக்கு வேண்டியது எஃப்70-14. எஃப் என்பது டயர் எவ்வளவு பாரம் தாங்கும் என்பதற்கான எழுத்து. 70 என்றால் பக்கவாட்டின் உயரம் அகலத்தில் எழுபது சதவீதம். 14 என்பது ரிம்மின் அங்குலம். இன்றைய கடைக்காரருக்கு இந்த மொழி தெரியாது. அவர் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்து, மில்லிமீட்டர் கணக்கில், இன்று எல்லாரும் போடும் ரேடியல் டயர் ஒன்றைச் சொல்லுவார். "அளவு சரியாக உட்கார்ந்துவிடும் சார்." நம்மவர் அவரைப் பார்க்கும் பார்வையில் கோபம் இருக்காது. பரிதாபம்தான் இருக்கும்.

டயர் விஷயத்தில் அவர் மனித குலத்தை நான்காகப் பிரித்து வைத்திருக்கிறார். முதல் வகை, வெள்ளை எழுத்து போட்ட பிஎஃப் குட்ரிச் ரேடியல் டி/ஏ வாங்குகிறவர்கள். விலை சகாயம், ஓட்டம் சுகம், மழையில் பிடிப்பு. "ஓட்டுகிறவர்கள்" என்று அவர்களைக் குறிப்பிடுவார். அவர் அகராதியில் அது வசைச்சொல். இரண்டாம் வகை, வெளியே பழைய முகமும் உள்ளே ரேடியலுமாக வரும் டயர்க்காரர்கள். இவர்களைத்தான் அவர் அதிகம் வெறுக்கிறார். தெரியாமல் தப்புச் செய்தவனை மன்னிக்கலாம், தெரிந்தே செய்தவனை எப்படி மன்னிப்பது? மூன்றாம் வகை, அன்றைய தோற்றத்தையும் அன்றைய கட்டுமானத்தையும் அப்படியே பின்பற்றிப் புதிதாக வார்க்கும் டயரை வாங்குகிறவர்கள். நான்காம் வகை, 1970-ல் செய்து யாரும் மாட்டாமல் ஏதோ ஒரு கிடங்கில் தங்கிவிட்ட பழைய புதுசைத் தேடிப் பிடிப்பவர்கள். அந்த டயரின் ரப்பர் அரை நூற்றாண்டாக இறுகிக் கிடக்கிறது. அதை நம்பித் தெருமுனை வரைகூடப் போக முடியாது. ஆனால் விலையைக் கேட்டால் நாம் உட்கார்ந்துவிடுவோம்.

நம்மவரிடம் அதில் ஒன்று இருக்கிறது. ஒன்றே ஒன்றுதான். நிலவறையில் வெளிச்சம் படாத மூலையில் கறுப்பு பிளாஸ்டிக்கில் சுற்றி வைத்திருக்கிறார். அதற்காக வாஷிங் மெஷின் இடம் மாறியது.

ஆக, காருக்கு மூன்றாம் வகை. டென்னசி மாநிலத்தில் 1958-ல் ஒரு டயர்க் கடையாகத் தொடங்கிய கோக்கர் போன்ற கம்பெனிகள் இதற்காகவே இருக்கின்றன. ஃபயர்ஸ்டோன் வைடு ஓவல், குட்இயர் பாலிகிளாஸ், பக்கவாட்டில் சிவப்புக் கோடு ஓடும் யுஎஸ் ராயல் எல்லாம் அச்சு மாறாமல் கிடைக்கும். நம் ஊர் லாரிக்காரர்கள் நைலான் டயர் என்று சொல்லும் குறுக்கு இழைக் கட்டுதான் அடிப்படை. பாலிகிளாஸில் உடம்பு பாலியெஸ்டர் இழை, அதற்கு மேல் சுற்றிய பட்டை கண்ணாடி இழை. பெயரிலேயே இரண்டும் இருக்கின்றன.

கிடைக்கிறதே, வாங்க வேண்டியதுதானே என்கிறீர்களா? குட்இயரா, ஃபயர்ஸ்டோனா? கார்க் கம்பெனி அன்று பல டயர்க் கம்பெனிகளிடம் வாங்கியது. வந்த சரக்கு எதுவோ அதை மாட்டி அனுப்பியது. எல்லா காருக்கும் அதற்கு ஆவணம் இல்லை. சரி, குட்இயர் என்றே முடிவு செய்தாலும், எழுத்து பெரிதா, சிறிதா? அளவு எண்ணும் வெள்ளை எழுத்தில் இருக்க வேண்டுமா, கூடாதா? இரண்டு விதமும் விற்பனைக்கு உண்டு. அவர் பழைய குடும்பப் போட்டோக்களைச் சேகரிக்க ஆரம்பித்தார். யாரோ ஒரு குழந்தையின் பிறந்தநாள் படம். கேக், தொப்பி, பல் இல்லாத சிரிப்பு. பின்னணியில் வாசலில் ஷெவெலின் பின்சக்கரம் கால்வாசி. அவர் கண்ணில் குழந்தை படவே இல்லை.

நண்பர் ஒருவர் தெரியாத்தனமாகக் கேட்டார்: "1970-லேயே ரேடியல் இருந்ததே? லிங்கன் கான்டினென்டல் மார்க் 3 மிஷ்லின் ரேடியலோடுதானே ஆலையை விட்டு வந்தது?"

"அப்படியானால் நீ லிங்கன் வாங்கு" என்றார் நம்மவர். அன்றோடு பேச்சு வார்த்தை நின்றது.

டயர் வந்து இறங்கிய நாளைப் பார்த்திருக்க வேண்டும். வெள்ளை எழுத்தில் கறை படியாதிருக்க, கம்பெனியில் அதன் மேல் நீலப் பூச்சு ஒன்று பூசி அனுப்புவார்கள். வெந்நீர், சோப்பு, மென்மையான பிரஷ் சகிதம் கராஜில் முக்காலி போட்டு உட்கார்ந்தார். 'ஜி' எழுத்தின் வளைவுக்குள் நீலம் ஒளிந்துகொண்டு வர மறுத்தது. பல் தேய்க்கும் பிரஷால் அதை நயமாக வெளியே அழைத்தார். நீல நீர் தரையில் ஓடி வடிகாலில் இறங்க, எழுத்துகள் ஒவ்வொன்றாக வெளுத்து வந்தன. அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, தம் மூன்று பிள்ளைகளையும் இவர் ஒரு தடவையாவது குளிப்பாட்டியது உண்டா என்று யோசித்தபடி உள்ளே போனார்.

டயர் மாட்டும் கடையில் இன்னொரு கூத்து. புது டயரின் பட்டனில் மெல்லிய ரப்பர் இழைகள் நீட்டிக்கொண்டிருக்கும் அல்லவா? வேலைக்காரப் பையன் நல்லெண்ணத்தில் கத்தரிக்கோலை எடுத்தான். "தொடாதே!" என்ற அலறலில் பக்கத்துக் கடையிலிருந்து ஆள் வந்து எட்டிப் பார்த்தது. பையன் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தூக்கினான்.

கடைசியாக ஒரு களங்கம் மிஞ்சியது. டயர் எந்த வருஷம் எந்த வாரம் செய்தது என்பதை நான்கு இலக்கத்தில் பொறித்தே ஆக வேண்டும் என்பது இன்றைய சட்டம். 1970 காரின் காலில் இந்த நூற்றாண்டின் தேதி! எழுத்து கறுப்பின் மேல் கறுப்புதான், தேடினால்தான் தெரியும். ஆனால் தேடுகிறவர்கள் யார் என்று அவருக்குத் தெரியும். அவரே அல்லவா அவர்களில் ஒருவர்? ஆகவே வால்வும் அந்த நான்கு இலக்கமும் ஒரே இடத்தில் வரும்படி மாட்டச் சொன்னார். எங்கே நிறுத்தினாலும் நான்கு சக்கரத்திலும் வால்வு நேர் கீழே, ஆறு மணி முள் இருக்கும் இடத்தில் இருக்கும். ஒழுங்குக்காக என்று மற்றவர்கள் மெச்சுவார்கள்.

இந்த டயரில் போனால் எப்படி இருக்கும்? சாலையில் பள்ளமான தடம் இருந்தால் டயர் தன்னிஷ்டத்துக்கு அதைப் பிடித்துக்கொண்டு போகும். ஸ்டீயரிங்கை இழுத்துப் பிடிக்க வேண்டும். இரவு முழுக்க நின்றால் தரையில் பட்ட இடம் தட்டையாகி, மறுநாள் காலை சூடேறும் வரை 'தட் தட்' என்று தாளம் போடும். இந்தக் குறைகள் நம்மவருக்குத் துளியும் இல்லை. ஏனென்றால் அவர் கார் போவதே இல்லை. மூடிய ட்ரெய்லருக்குள் ஏற்றி, பெல்ட் போட்டுக் கட்டி, பிக்கப் லாரியில் இழுத்துக்கொண்டு போகிறார். லாரிக்கும் ட்ரெய்லருக்கும் போட்டிருப்பது இந்த வருஷத்து ரேடியல்.

"ஓடாத காருக்கு ரப்பர் டயர் எதற்கு? மரத்தில் செதுக்கிக் கறுப்புப் பெயின்ட் அடிக்கலாமே?" என்று மனைவி ஒருநாள் கேட்டார். நம்மவர் சிரிக்கவில்லை. தரையைத் தொடும் இடத்தில் மரத்துக்கு அந்தச் சின்னப் பிதுக்கம் வராது என்று விளக்கினார்.

சும்மா சொல்லக் கூடாது. இவரைப் போன்றவர்கள் நச்சரிக்காவிட்டால் அந்த டயர் அச்சுகள் என்றைக்கோ பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும். அவர் கேலி செய்யும் "ஓட்டுகிறவர்களுக்கும்" இன்று பழைய முகத்தோடு ஒரு டயர் கிடைக்கிறதென்றால் பாதிப் புண்ணியம் இவருடையது.

ஆகஸ்ட் மாதம் மூன்றாவது சனிக்கிழமை டெட்ராய்ட் வட்டாரத்து உட்வர்ட் அவென்யூவில் பெரிய ஊர்வலம். 1995-லிருந்து நடக்கிறது. பழைய கார்க்காரர்கள் நாள் முழுக்க மேலும் கீழும் ஓட்டிக்கொண்டே இருப்பார்கள். நம்மவர் ட்ரெய்லரிலிருந்து ஷெவெலை இறக்கி, சாலையோரம் நிறுத்தி, வால்வு ஆறு மணியில் இருப்பதைச் சரிபார்த்து, மடக்கு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். போகிற வருகிற டயரை எல்லாம் பார்த்து 'ஆனால்' சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போது ஒரு கிழவர் கைத்தடியோடு வந்து நின்றார். காரைச் சுற்றி வந்தார். "இதே கார், இதே வருஷம், புதுசாக வாங்கினேன்" என்றார்.

நம்மவர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். முதல் சொந்தக்காரர்! டயரைக் காட்டி, "இதேதானே போட்டு வந்தது? குட்இயர்தானே?" என்றார்.

"யார் பார்த்தது? இந்த இன்ஜினுக்கு அந்த ஒல்லி டயர் எந்த மூலைக்கு? சிக்னலில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் புகைதான் வரும், வண்டி நகராது. ஒரே மாதத்தில் கழற்றி எறிந்துவிட்டு அகலமாக வாங்கிப் போட்டேன். எங்கள் தெருவில் எல்லாப் பையன்களும் அப்படித்தான்."

"எறிந்துவிட்டீர்களா?"

"மூன்றை. ஒன்றை மட்டும் கொல்லையில் மரத்தில் கயிறு கட்டி ஊஞ்சலாக்கினேன். பிள்ளைகள் ஆடித் தீர்த்தார்கள்."

நம்மவர் சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்தார். "அதில் அளவு வெள்ளை எழுத்தில் இருந்ததா, இல்லையா?"

கிழவர் யோசித்தார். "எழுத்தெல்லாம் ஞாபகம் இல்லை. சட்டையில் கரி ஒட்டுகிறது என்று என் மனைவி முழுக்க மஞ்சள் பெயின்ட் அடித்துவிட்டாள்."

நம்மவர் கண்ணை இறுக மூடித் திறந்தார். பேனா மூடியைக் கழற்றினார்.

"அந்த மரம் இன்னும் இருக்கிறதா?"