மாப்ளே, பாதி மார்க்கு உங்களுக்கு

உக்காருங்க மாப்ளே. பிள்ளையப் பள்ளிக்கூடத்துல இருந்து நிப்பாட்டி நீங்களே சொல்லிக் குடுக்கிறீகளாம்ல? நல்ல காரியம், வேன் வாடகை மிச்சம். ஆனா படிக்கிறது பேத்தியா, நீங்களான்னுதான் எனக்குத் தெரியல.

நேத்து நீங்க பரீட்சை வச்சதத் திண்ணையில படுத்துக்கிட்டுக் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். "ஏழெட்டு எம்புட்டு கண்ணு? அம்பத்தி... அம்பத்தி ஆ..."ன்னு அடியெடுத்துக் குடுத்தீக. அது "ஆறு"ன்னுச்சு. உடனே "சூப்பர்!"னு கைதட்டி, செல்லுல படம் பிடிச்சு, ஊரெல்லாம் அனுப்பிட்டீக. அந்த மார்க்குல பாதிய நீங்க வாங்கிக்கிறதுதான நியாயம்?

பிள்ளைகளுக்கு வாசிக்கவும் கணக்குப் போடவும் வருதான்னு பாக்க 'ஏசர்'னு ஒரு கணக்கெடுப்பு இருக்கு. 2005-லருந்து பிரதம் அமைப்புக்காரக வீடு வீடாப் போயி நடத்துறாக. வாசிப்புன்னா எழுத்து, சொல்லு, ஒண்ணாப்புப் பத்தி, ரெண்டாப்புக் கதை. கணக்குன்னா கடன் வாங்கிக் கழிக்கணும், மூணு இலக்கத்த ஒத்தை இலக்கத்தால வகுக்கணும். அம்புட்டுத்தான். ஆனா கேக்குறது பெத்தவுக இல்ல பாத்தீகளா, சூட்சுமமே அங்கதான்.

நம்ம வீட்லயும் அப்பிடியே செய்வோம். பேத்திய உங்க அத்தைக்குப் பேப்பர் வாசிச்சுக் காட்டச் சொல்லுங்க. அவளுக்குக் கண்ணு மங்கல், ஆனா வாசிச்சது வெளங்கலைன்னா விடமாட்டா. நீங்க மட்டும் அந்நேரம் தோட்டத்துப் பக்கம் போயிரணும். பால் சொசைட்டி அட்டையக் குடுத்துப் பத்து நாள் கணக்கக் கூட்டச் சொல்றேன். நான் வேணும்னே ஒரு லிட்டரக் கூட்டிச் சொல்லுவேன். "தப்பு தாத்தா"ன்னு சண்டைக்கு வந்தா, பிள்ளைக்குக் கணக்கு வந்திருச்சுன்னு அர்த்தம்.

நோட்டுல தேதி போடச் சொல்லுங்க. தப்ப ரப்பர் வச்சு அழிக்க விடாதீக. ஆடியில எழுதுனதையும் தையில எழுதுனதையும் பக்கத்துல வச்சுப் பாத்தாத்தான் பிள்ளை வளந்துச்சா, நின்ன எடத்துலயே நிக்குதான்னு தெரியும்.

பெரிய பரீட்சைக்கு அவசரமில்ல. 14 வயசு ஆயிட்டா தேசிய திறந்தநிலைப் பள்ளியில பத்தாப்பு எழுதிக்கலாம். அஞ்சு பாடத்தையும் ஒரே மூச்சுல எழுதணும்னு இல்ல. அஞ்சு வருசத்துல ஒம்பது தடவ உக்காரலாம். ஆனா அடியெடுத்துக் குடுக்க உங்கள உள்ள விடமாட்டாக.

பேத்திக்கு இப்ப எட்டு வயசுதான. நேரம் கெடக்கு. அந்தப் பால் அட்டையப் பிள்ளைட்டக் குடுத்துட்டு, நீங்க போயி மாட்டுக்குத் தண்ணி காட்டுங்க.